சக்கர பேரிங்குக்கு கிரீஸ் வைக்கலாமா? ஏற்காட்டு வண்டிகளை முன்வைத்து

வண்டியை சர்வீஸுக்கு விடும்போது, ‘அப்படியே வீல் பேரிங்குக்கும் கிரீஸ் வச்சுடுங்கண்ணா’ என்று சொல்லிவிட்டுப் போவது ஏற்காட்டில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. இதற்கு மெக்கானிக்குகளிடம் இரண்டு விதமான பதில் கிடைக்கும். புல்லட்டிலும் ராஜ்தூத்திலும் கைபழகியவர்கள், மலையில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது பேரிங்கைக் கழுவி கிரீஸ் வைத்தே ஆகவேண்டும் என்பார்கள். அடுத்த தலைமுறை மெக்கானிக்குகளோ, ‘இப்ப வர்றதெல்லாம் சீல்டு பேரிங், அதுல கை வைக்கவே கூடாது, போனா மாத்திக்கலாம்’ என்று முடித்துவிடுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த மலையில் பேரிங் எதனால் சாகிறது என்று பார்க்காமல் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. கிரீஸ் குறைந்து செத்த பேரிங்கைவிட, உள்ளே தண்ணீர் போய்ச் செத்த பேரிங்தான் இங்கே அதிகம் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை வைக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் பாதை. சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். சுமார் 30 கிலோமீட்டர் பயணத்தில், அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதையும் உண்டு. வார இறுதியில் ஒண்டிக்கடை சந்திப்பில் நிற்கும் இருசக்கர வண்டிகளில் வெளியூர்ப் பதிவெண்கள்தான் கண்ணில் படும். ஆனால் ஆண்டு முழுவதும் இந்த மலையில் ஓடுகிற வண்டிகள் வேறு. நாகலூர், செம்மடுவு, மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து எஸ்டேட் வேலைக்கும் சந்தைக்கும் போகும் 100 சிசி வண்டிகளும் மொபெட்டுகளும் அவை. காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை மூட்டையும் அவற்றின் மேல்தான் ஏறும். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் செம்மண் தடம். மே மாதக் கோடை மழையில் தொடங்கி டிசம்பர் வரை சேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கு நினைவிருக்கும். அந்த மண்ணையும் நீரையும் மிதித்துக்கொண்டுதான் இந்தச் சக்கரங்கள் சுற்றுகின்றன.

இனி பேரிங். நம் ஊர் வண்டிகளின் சக்கரங்களில் இருப்பது பெரும்பாலும் ஒற்றை வரிசை பால் பேரிங். 6301, 6202, 6203, 6302 போன்ற எண்கள் அதன் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கடைசி இரண்டு இலக்கம் உள்துளையைச் சொல்லும்: 01 என்றால் 12 மில்லிமீட்டர், 02 என்றால் 15, 03 என்றால் 17. 6301-இன் வெளிவிட்டம் 37 மில்லிமீட்டர், அகலம் 12. உள்ளங்கையில் அடங்கும் இந்தச் சிறு வளையம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தயாரிப்பாளர்களின் அட்டவணைப்படி 6301-இன் இயங்குசுமைத் திறன் சுமார் 10 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 1000 கிலோ எடைக்குச் சமம். அந்தச் சுமையில் பத்து லட்சம் சுற்று ஓடினால், பத்தில் ஒன்பது பேரிங் பழுதில்லாமல் இருக்கும் என்பது இதன் பொருள். சுமை பாதியானால் ஆயுள் எட்டு மடங்காகும். வண்டியும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ, அதில் பின்சக்கரத்துக்கு 150 கிலோ, அதை இரண்டு பேரிங் பகிர்ந்துகொண்டால் ஒன்றுக்கு 75 கிலோ. திறனை இதால் வகுத்து மும்மடி எடுத்தால் சுமார் 237 கோடிச் சுற்று வருகிறது. 18 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். ஆக, 45 லட்சம் கிலோமீட்டர்! பள்ளங்களையும் மூட்டைகளையும் கணக்கில் கொண்டு சுமையை மூன்று மடங்காக்கினால்கூட ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குக் குறையாது.

நிஜத்தில் மலை வண்டியின் பேரிங் இதில் சிறு பங்குகூட ஓடுவதில்லை. உலோகம் களைத்துப்போய்த்தான் பேரிங் கெடுகிறது என்றால் இவ்வளவு பெரிய இடைவெளி வர நியாயமே இல்லை. கணக்கில் வராத மூன்று விஷயங்கள் அந்த ஆயுளைத் தின்றுவிடுகின்றன: தண்ணீர், மண், சுத்தியல்.

எஸ்டேட்டில் ஓடிய வண்டியிலிருந்து கழற்றிய ஒரு பின்சக்கர பேரிங்கை எடுத்து, அதன் ரப்பர் மூடியை மெல்லிய ஊசியால் நெம்பிப் பாருங்கள். மூடியின் விளிம்பு உரசும் இடத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு செம்மண் கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே கிரீஸ் பால் காப்பி நிறத்தில் வெளுத்து, தொட்டால் ஒட்டாமல் வழுக்கும். தண்ணீர் கலந்ததன் அடையாளம் அது. எதிர்ப்பக்கத்தில் அதே கிரீஸ் இன்னும் நல்ல நிறத்தில், பிசுபிசுப்போடு இருக்கும். துணியால் துடைத்துவிட்டுக் குண்டு ஓடும் தடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், வெளுத்த பக்கத்தில் மட்டும் ஊசிமுனை அளவில் கறுப்புப் புள்ளிகள். வண்டி நின்றிருந்த இரவுகளில் துரு தின்ற குழிகள் அவை. ஒவ்வொரு சுற்றிலும் குண்டுகள் அந்தக் குழியின் விளிம்பில் மோதி உலோகத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கின்றன. கிரீஸ் தீர்ந்துபோகவில்லை, அரைவாசிக்கு மேல் அப்படியே இருக்கிறது. ஆனாலும் பேரிங் போய்விட்டது.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதில்தான் மலைக்கென்று ஒரு தனிக் காரணம் இருக்கிறது. 250 கிலோ எடை 1200 மீட்டர் இறங்கும்போது ஏறக்குறைய 29 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஒன்பது லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். ஒரு பங்கைக் காற்றும், கியரில் இறங்கினால் ஒரு பங்கை இன்ஜினும் வாங்கிக்கொள்கின்றன; மிச்சமெல்லாம் பிரேக்குக்குத்தான். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டி இறங்குபவர்கள் இன்ஜினின் பங்கையும் பிரேக் மேலேயே ஏற்றிவிடுகிறார்கள். டிரம் பிரேக் வண்டியில் அந்தச் சூடு ஹப்புக்குள்ளேயே பிறக்கிறது. பேரிங் அதற்கு அருகில் உட்கார்ந்திருக்கிறது. சூட்டில் பேரிங்குக்குள் இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். அடிவாரம் வந்ததும் நேராக வாட்டர் வாஷுக்கு விட்டாலோ, வழியில் பாதைக்குக் குறுக்கே ஓடும் மழை நீரில் இறங்கினாலோ, ஹப் சட்டென்று குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்கி வெளியிலிருப்பதை இழுக்கிறது. ரப்பர் விளிம்பைச் சுற்றி அப்போது நிற்பது தண்ணீர்தான். இதோடு அழுத்தத்தில் பீய்ச்சும் பைப்பை ஹப்புக்கு நேராகப் பிடித்துவிட்டால் எந்த சீலும் தாங்காது. சூடாக இறங்கிய வண்டியை அரை மணி நேரம் ஆறவிடுவதும், ஹப்பைத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு டப்பா கிரீஸைவிட அதிகம் காப்பாற்றும். டிஸ்க் பிரேக் வண்டியில் சூடு தகட்டில் பிறந்து காற்றில் கலைவதால் ஹப்புக்குப் போவது குறைவு. ஆனால் அதன் சீல் வெளியே தெரியும்படி இருப்பதால் பைப் தண்ணீரின் ஆபத்து அங்கேயும் உண்டு.

இங்கே பரவலாக நம்பப்படும் ஒன்றையும் பார்த்துவிட வேண்டும். ‘இருபது வளைவு ஏறி இறங்குது, பேரிங் எப்படித் தாங்கும்?’ என்று கேட்பார்கள். காருக்கு இது பொருந்தும். கார் வளைவில் சாயாததால் சக்கரத்தின் மேல் பக்கவாட்டுச் சுமை விழுகிறது. அதனாலேயே அதற்கு வேறு வகை பேரிங். இருசக்கர வண்டி வளைவுக்குள் சாய்கிறது. எடையும் வளைவின் விசையும் சேர்ந்து ஏறக்குறைய சக்கரத்தின் தளத்திலேயே இறங்குவதால், பேரிங்குக்கு அது நேர்ச்சுமையாகவே தெரியும். கொண்டை ஊசி வளைவு பேரிங்கைக் கெடுப்பதில்லை. வளைவின் உள்விளிம்பில் தார் பெயர்ந்து கிடக்கும் பள்ளத்தில் பிரேக் பிடித்தபடி இறங்குவது கெடுக்கும். அந்த அடி முன்சக்கரத்தில் விழுகிறது. ஏறும்போது முதல் கியரில் செயின் இழுக்கும் இழுப்பு பின்சக்கரத்தின் செயின் பக்கத்துக்குப் போகிறது.

கிரீஸ் வைப்பதே பராமரிப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில் மைசூரிலிருந்து ஜாவா வந்தது, எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் வந்தது. அந்தத் தலைமுறை வண்டிகளின் ஹப்பில் இருந்தவை திறந்த பேரிங்குகள்; மண்ணைத் தடுக்க கம்பளி வளையமும் தகர மூடியும் இருக்கும். கம்பளி தண்ணீரைத் தடுக்காது, நனைந்து பிடித்துவைத்துக்கொள்ளும். அப்போது ஆண்டுதோறும் சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை மண்ணெண்ணெயில் அலசி, உலரவிட்டு, உள்ளங்கையில் கிரீஸை வைத்துக் குண்டுகளுக்கு இடையே ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கும்வரை ஏற்றினார்கள். அது சரியான வேலை. 1980-களின் நடுவில் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியும், பிறகு ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100-உம் மலையேறின. திறந்த பேரிங் போய் சீல்டு பேரிங் வந்த பிறகும், கழற்றிக் கழுவும் பழக்கம் மட்டும் கைமாறிக் கைமாறி வந்தது. பழைய வண்டியைப் பேணிவருபவர்களுக்கு இன்றும் அந்த முறைதான் பொருந்தும். அலசிய பேரிங்கைக் காற்றுக் குழாயால் சுழற்றி விளையாடாமல் இருந்தால் போதும். எண்ணெயில்லாமல் சுழலும் குண்டுகள் தடத்தைக் கீறிவிடும்.

கிரீஸ் என்பதும் ஒரே பொருள் இல்லை. எண்ணெயைப் பிடித்துவைத்திருக்கும் சோப்பு எது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். சாதாரண கால்சியம் கிரீஸ் தண்ணீருக்கு அசையாது, ஆனால் 100 டிகிரியை எட்டும் முன்பே உருகும். மலை இறங்கும் டிரம்முக்கு உதவாது. சோடியம் கிரீஸ் சூட்டைத் தாங்கும், தண்ணீரோடு கலந்து கூழாகும். ஏற்காட்டு மழைக்கு உதவாது. லித்தியம் சோப்பில் செய்த கிரீஸுக்கு 1942-இல் அமெரிக்கர் கிளாரன்ஸ் ஏர்ல் காப்புரிமை பெற்ற பிறகுதான் இரண்டையும் ஓரளவு சமாளிக்கும் பொருள் கைக்கு வந்தது. அது உருகத் தொடங்கும் வெப்பம் 180 டிகிரிக்கு மேல். நம் ஒர்க்‌ஷாப்களில் ஏ.பி. 3 என்று கேட்டு வாங்குவது இந்த வகைதான். அந்த 3 என்ற எண் கெட்டித்தன்மையைக் குறிக்கும். 2 என்றால் இன்னும் கொஞ்சம் இளக்கம். சக்கரத்துக்கு இரண்டில் எதுவும் ஆகும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிடைத்தால் டிரம் வண்டிக்கு அதுவே மேல்.

அப்படியானால் சீல்டு பேரிங்கின் மூடியை நெம்பி இந்த கிரீஸை ஏற்றினால் என்ன? பலரும் செய்கிறார்கள், மூடியை வளையாமல் எடுத்து வளையாமல் திருப்பிப் போடும் கை உள்ளவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் இதற்கு எதிர். 2ஆர்எஸ் என்று முடியும் எண்ணுள்ள பேரிங்கில் இரு பக்கமும் ரப்பர் மூடி. உள்ளே காலியிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் தொழிற்சாலையில் கிரீஸ் வைக்கிறார்கள். அது கஞ்சத்தனம் இல்லை. நிரப்பினால் குண்டுகள் கிரீஸைக் கடைந்துகொண்டே இருக்கும், சூடேறும், மூடியைத் தள்ளும். அந்த மூடியின் விளிம்புதான் தண்ணீருக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு. ஒருமுறை நெம்பிய விளிம்பு பழையபடி பொருந்தும் என்று சொல்ல முடியாது. இன்னொரு சிக்கல் கலப்பு. சீல்டு பேரிங்குகளில் பாலியூரியா கிரீஸ் இருப்பது உண்டு. அதோடு லித்தியம் கிரீஸ் பெரும்பாலும் ஒத்துப்போகாது. கலந்த இரண்டும் இளகி எண்ணெய் பிரிந்து வடியும். தனியே இருந்தால் நன்றாக உழைத்திருக்கும் இரண்டு கிரீஸும் சேர்ந்து கெட்டுப்போகும். இசட்இசட் என்று முடிபவற்றில் இருப்பது தகர மூடி. உரசாமல் சிறு இடைவெளியோடு நிற்பதால் மண்ணைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. மலை வண்டிக்கு மாற்றும்போது, இடம் பொருந்தினால் ரப்பர் மூடி உள்ளதையே கேட்டு வாங்குவது நல்லது.

மிகையாக வைத்த கிரீஸைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஹப்பின் நடுக்குழியை முழுக்க கிரீஸால் அடைத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. டிரம் சூடானதும் அது இளகி, சீலைத் தாண்டி பிரேக் ஷூவின் மேல் வழியும். சமவெளியில் என்றால் வண்டி இரண்டு அடி தள்ளி நிற்கும். மலைப்பாதையில், பின்னால் பிள்ளையை உட்காரவைத்து இறங்கும்போது, அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்று ஏற்காட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கிரீஸ் பட்ட ஷூவை பெட்ரோலில் கழுவி மாட்டுவதும் தீர்வாகாது. லைனிங் உறிஞ்சிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும். ஷூவை மாற்றியே ஆகவேண்டும்.

ஆக, சக்கரத்தைக் கழற்றும்போது கிரீஸ் டப்பாவுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, வேறு இடங்களில். பேரிங்குக்கு வெளியே ஹப்பில் தனியாக ஓர் ஆயில் சீல் இருந்தால், அதன் உதட்டில் விரல்நுனியால் ஒரு பூச்சு. உதடு வறண்டால் தேயும். தேய்ந்தால் தண்ணீர் வரும். ஆக்சில் கம்பியைத் துருவில்லாமல் துடைத்து மெல்லிய பூச்சு. அடுத்த முறை சுத்தியலால் அடித்துக் கழற்ற வேண்டியிராது. பிரேக் கேம் தண்டுக்கு மிகக் கொஞ்சம். பிறகு, பின்சக்கரத்தின் மூன்றாவது பேரிங். பல வண்டிகளில் ஹப்பில் இரண்டும், கப்ளிங் ரப்பருக்கு அந்தப் பக்கம் ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் துண்டில் ஒன்றும் இருக்கும். செயின் எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்த சாந்து முதலில் அப்புவது அங்கேதான், ஏற்றத்தின் இழுப்பைத் தாங்குவதும் அதுதான். ஆனால் சக்கரம் தனியாகக் கழன்று வந்துவிடுவதால் யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள கோன் செட்டில் பல வண்டிகளில் இன்றும் திறந்த குண்டுகள்தான். ஆண்டுக்கு ஒருமுறை கழுவி கிரீஸ் வைக்க வேண்டிய இடம் அது. ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் சில வண்டிகளில் அப்படித்தான். பேரிங்குக்கு வைக்கச் சொல்லும் கிரீஸை வண்டிக்காரர்கள் இவற்றுக்கு வைக்கச் சொன்னால் காசுக்குப் பலன் உண்டு.

மூன்றாவது எதிரி சுத்தியல் என்றேன். புது பேரிங்கின் உள்வளையத்தில் தட்டி ஹப்புக்குள் இறக்கினால், அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகும். தடத்தில் குண்டு அளவுக்கு அச்சு விழும். மாட்டும்போதே பேரிங்கின் கதை பாதி முடிந்துவிட்டது. வெளிவளையத்தில் மட்டும் பொருந்தும் பாக்ஸ் ஸ்பானரோ கழற்றிய பழைய பேரிங்கோ வைத்து, நேராக, மெதுவாகத் தட்ட வேண்டும். ஹப்பைக் கொஞ்சம் சூடேற்றினால் தட்டும் வேலையே குறையும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 37 மில்லிமீட்டர் துளை 80 டிகிரி கூடுதலாகச் சூடானால் 0.07 மில்லிமீட்டர் அகலும், குளிர்ந்த பேரிங் தானே இறங்க அதுவே போதும். ஒரு பக்கத்தை அடிவரை இறக்கி, நடுவே ஸ்பேசரைப் போட்டு, மறுபக்கத்தை ஸ்பேசரைத் தொடும்வரை மட்டும் இறக்க வேண்டும். ஸ்பேசரைப் போட மறந்தாலோ, தேய்ந்து குட்டையாகிவிட்டிருந்தாலோ, ஆக்சிலை இறுக்கும்போது இரு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று நசுங்கி, குண்டுகள் தடத்தின் ஓரத்தில் ஏறி ஓடும். மாற்றிய சில மாதத்திலேயே மறுபடி போகிற பேரிங்குகளில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பேசரைத்தான். கம்பெனியைக் குறை சொல்வது பிறகு. போலிகளும் சந்தையில் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. தெரிந்த கடையில், அட்டைப் பெட்டியோடு வாங்குவது பாதுகாப்பு.

சோதனைக்குச் செலவே இல்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து, பிறகு பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஸ்விங் ஆர்மில் கை வைத்தால் கரகரப்பு உள்ளங்கைக்கே தெரியும், காதுக்கு அது பிறகுதான் வரும். ஓட்டத்தில் வரும் ரீங்காரம் இன்ஜினின் வேகத்தோடு மாறாமல் சக்கரத்தின் வேகத்தோடு மாறினால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அவற்றில் சக்கர ஆட்டம் சென்சாரின் இடைவெளியையும் குழப்பும். பஞ்சருக்காகச் சக்கரம் கழன்றால் அதுவே நல்ல வாய்ப்பு: உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றுங்கள். புது சீல்டு பேரிங் கொஞ்சம் இறுக்கமாகத்தான் சுற்றும், அது குறையில்லை. மணல் நெருடுவதுபோல் தட்டினாலோ, ஓரிடத்தில் நின்று நின்று போனாலோ, கிரீஸைப் பற்றி யோசிக்காமல் இரண்டு பக்கத்தையும் மாற்றிவிட வேண்டும். விலை சில நூறு ரூபாய்தான்.

எப்போது பார்ப்பது? கம்பெனி கையேடுகள் கிலோமீட்டர் கணக்கில் சொல்கின்றன. சமவெளிக்கு அது சரி. மலைக் கிராமத்து வண்டி ஆண்டுக்கு ஓடும் கிலோமீட்டர் குறைவு, பிரேக்கும் சேறும் அதிகம். கையேட்டுக் கணக்கில் அதன் முறை வருவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விடும். எனவே இங்கே காலண்டரைத்தான் நம்ப வேண்டும்: கோடை மழை பிடிக்கும் முன் ஏப்ரலில் ஒருமுறை சீலையும் ஆக்சிலையும் பார்த்துவிடுவது, மழை விட்டதும் ஜனவரியில் பேரிங்கை விரல் விட்டுப் பார்ப்பது. காப்பி மூட்டை ஏற்றும் வண்டியென்றால் ஜனவரிவரை காத்திருக்காமல், அக்டோபர் இறுதியில், பறிப்பு தொடங்கும் முன். பிரேக் ஷூ மாற்றும் ஒவ்வொரு முறையும் கூடவே பார்த்துவிடலாம். மலையில் அது எப்படியும் அடிக்கடி வரும் வேலை. மாற்றிய பழைய பேரிங்கை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, மூடியைத் திறந்து, எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். செயின் பக்கமா, பிரேக் பக்கமா என்று தெரிந்தால், அடுத்த முறை எந்தப் பக்கத்து சீலை மாற்றச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.